எடைக்காரர் சொன்ன எடை

செவ்வாய்க்கிழமை காலையில் முத்துமாரியம்மாள் காதிலும் கையிலும் ஒரு பொட்டு நகை இல்லாமல் மல்லாங்கிணறு பஸ் நிறுத்தத்தில் வந்து நின்றாள். பார்த்தவர்கள் பதறிப் போனார்கள்.

"என்னத்தா இது கோலம்? வீட்டுல களவு போயிருச்சா?" என்று கேட்டாள் கீரை விற்கிறவள்.

"களவெல்லாம் இல்ல பெரியாத்தா. அக்கா இன்னைக்கு ஆஸ்பத்திரியில எடைக்கு நிக்கப் போறாக. அதான் பாரத்தைக் கழட்டி வச்சிட்டு வாராக," என்றாள் பக்கத்தில் நின்ற ராக்காயி. "மொட்டையும் போட்ருங்க, கால் கிலோ குறையும்னு சொன்னேன். கேக்க மாட்டேங்காக."

முத்துமாரி வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். விடிந்ததிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர்கூட அவள் குடிக்கவில்லை. தண்ணீருக்கும் எடை உண்டு என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

அவள் கணவர் சோலைச்சாமி, குடையும் மஞ்சள் பையுமாகச் சற்றுத் தள்ளி நின்று, பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊரில் நாலு பேர் மதிக்கிற சம்சாரி. மிளகாயும் பருத்தியும் பயிரிடுகிறவர். மனைவிக்கு ஒரு குறை என்றால் மட்டும் அவருக்குக் கோபம் வரும். யார் மேல் என்பது அவருக்கே தெரியாது.

ஆவணி மாதம் கோயில் பொங்கலுக்குச் சமைத்த அண்டாவை இறக்கும்போதுதான் முத்துமாரியின் வயிற்றுக்குள் ஏதோ பிரிந்த மாதிரி வலித்தது. தொப்புளுக்கு மேலே ஒரு வீக்கம் எழுந்தது. சிவகாசி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சொர்ணலட்சுமி பார்த்துவிட்டு, குடல் பிதுங்குகிறது, ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார். ஆனால் உடனே செய்ய மறுத்துவிட்டார்.

"தொண்ணூத்தாறு கிலோ இருக்கீங்க. இந்த உடம்புக்கு மயக்க மருந்து கொடுத்தா மூச்சுக்கு ஆபத்து. தைச்சாலும் தையல் நிக்காது. எண்பதுக்கு இறங்கி வாங்க, தேதி தரேன். அதுக்குள்ளே குடல் சிக்கிக்கிச்சுன்னா, எந்த எடையா இருந்தாலும் அறுத்துத்தான் ஆகணும். அப்புறம் கடவுள் விட்ட வழி."

அன்றிலிருந்து முத்துமாரிக்குச் சாமி கும்பிடும்போதுகூட எண்பது என்ற எண்தான் வாயில் வந்தது.

அவள் உடம்பு பெருத்ததற்கு ஆசை காரணமில்லை. ஆக்கிய சோற்றைக் கொட்டுவது அவளுக்கு மகாபாவம். எல்லோரும் உண்டு எழுந்த பிறகு, பானையில் நிற்பது எவ்வளவானாலும் அது அவள் வயிற்றுக்குத்தான் போகும். இருபது வருஷம் அப்படிப் போனது.

அந்தப் பழக்கத்தை நிறுத்தியவள் ராக்காயி. சோலைச்சாமியின் தம்பி பெத்தணனின் மனைவி. ஒல்லியான உடம்பு, நீளமான நாக்கு. பெத்தணன் சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் லோடு கணக்குப் பார்க்கிறான். சனிக்கிழமை வருவான், ஞாயிறு போவான். கலியாணமாகி ஆறு வருஷத்தில் ராக்காயிக்கு இரண்டு முறை கரு தங்காமல் போயிருந்தது. அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை.

டாக்டரம்மா சொன்ன மறுநாளிலிருந்து, முத்துமாரி பானைப் பக்கம் வருமுன் ராக்காயி வந்துவிடுவாள். "எனக்கு இன்னும் பசி அடங்கலக்கா" என்று சொல்லிப் பானையை வழித்துத் தின்றுவிடுவாள். கனமான பாத்திரம் எதையும் அக்காவைத் தொடவிடுவதில்லை. "நீங்க கஞ்சியக் குடிச்சிட்டு உக்காருங்க, மகராசி" என்று விரட்டுவாள். ஒல்லிச்சி வயிற்றில் பேய் புகுந்துவிட்டது என்று தெருவில் சிரித்தார்கள். மாசியில் அவள் வயிறு லேசாக மேடிட்டபோது, சட்டிச் சோறு வேலையைக் காட்டிவிட்டது என்றார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள்.

முத்துமாரி கம்பங்கஞ்சியிலும் கீரையிலும் ஆறு மாதம் ஓட்டினாள். விருந்துக்குப் போன வீடுகளில் இலையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு எழுந்து, "கர்வம் பிடிச்சவ" என்ற பேரையும் வாங்கிக்கொண்டாள்.

எடை பார்ப்பதற்கு விருதுநகர் ரயில் நிலையத்தில் காசு போட்டால் சீட்டு வருகிற மெஷின் இருந்தது. அதில் ஏற அவளுக்கு வெட்கம். பார்க்கிற கூட்டம் சும்மாயிருக்குமா? அதனால் அவர்கள் மிளகாய் வத்தலை விற்கப் போடுகிற விருதுநகர்க் கமிஷன் கடைக்குத்தான் போவாள். எடைக்காரர் ரத்தினசாமி நல்ல மனிதர். கடையில் ஆள் இல்லாத மத்தியான வேளையில் வரச் சொல்லி, வத்தல் மூட்டைகளை ஆளுயரத்துக்கு மறைப்பாக அடுக்கி வைத்திருப்பார். அக்காவுக்குக் கூச்சம் போகட்டும் என்று ராக்காயி முதலில் மூட்டை நிறுக்கிற மேடைத் தராசில் குதித்து ஏறுவாள். சோலைச்சாமியையும் பிடித்து ஏற்றுவாள். கடைசியில் முத்துமாரி ஏறுவாள். வத்தல் நெடியில் தும்முவாள்.

"தும்முங்க தாயி, நல்லாத் தும்முங்க. அதுவும் கொஞ்சம் குறைக்கும்," என்பார் ரத்தினசாமி. பிறகு எடைக்குண்டை நகர்த்தி, உதட்டுக்குள் ஏதோ முணுமுணுத்து, ஏலம் கூறுகிற குரலில் எடையைச் சொல்வார்.

போன வாரம் அந்தக் குரல், "எண்பது!" என்றது. ராக்காயி கைதட்டினாள்.

அந்த எண்பதை மடியில் கட்டிக்கொண்டுதான் இன்று மூவரும் சிவகாசி பஸ்ஸில் ஏறினார்கள்.

ஆஸ்பத்திரி எடை அறையில் நர்ஸ் செல்லக்கனி தராசின் குண்டை நகர்த்தினாள். ஒரு முறை நின்றது. மறுபடி நகர்த்தினாள்.

"எண்பத்து மூணு."

முத்துமாரி குனிந்து குண்டைப் பார்த்தாள். "சரியாப் பாருங்கம்மா."

"சரியாத்தான் பாத்தேன். இன்னும் மூணு கிலோ இறங்கணும். டாக்டரம்மா தேதி தர மாட்டாங்க."

வாசலில் நின்ற சோலைச்சாமி உள்ளே வந்துவிட்டார். "என்னம்மா மூணு? போன வாரம் எண்பதுன்னு நிறுத்துட்டு வாரோம். வியாபாரி தராசு சம்சாரிக்குக் குறைச்சுக் காட்டும், அது எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி தராசு கூட்டிக் காட்டுமா? ஏத்தா ராக்காயி, நீ ஏறு. உன் எடை நமக்குத் தெரியும்ல."

ராக்காயி சுவரோடு ஒட்டிக்கொண்டாள். "நான் எதுக்கு மச்சான்? நீங்களே ஏறுங்க."

அவர் செருப்பை உதறிவிட்டு ஏறினார். செல்லக்கனி எடையைச் சொன்னாள்.

"பாத்தியளா! எனக்கும் ஒன்றரைக் கிலோ கூட்டுது. தராசுதான் கோளாறு."

"தராசு கோளாறுன்னா எல்லாருக்கும் ஒரே மாதிரிதானய்யா கூடணும்?" என்றாள் செல்லக்கனி. "உங்களுக்கு ஒன்றரை, அம்மாவுக்கு மூணா?"

சோலைச்சாமி இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

முத்துமாரி கழுத்திலிருந்த தாலியைத் தொட்டுப் பார்த்தாள். கழற்றாமல் விட்ட ஒரே தங்கம். ஒரு கடைசி ஆசை. "தாலிக்கு ஏதாச்சும் கழிவு உண்டாம்மா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"கழிவா? இங்கே அதெல்லாம் கிடையாது. நிக்கிறது எதுவோ அதுதான் எடை."

முத்துமாரி சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றில் கையை வைத்து அழுத்திக்கொண்டு, கண்ணில் நீர் வருகிற வரை சிரித்தாள். சோலைச்சாமி பயந்துபோனார்.

"கழிவுங்க! ரத்தினசாமி அண்ணாச்சி நமக்கும் சாக்குக் கழிவு போட்ருக்காரு!"

"என்ன சொல்ற?"

"வத்தல் மூட்டை நிறுத்தா என்ன செய்வாரு? சாக்குக்கு ஒரு கிலோ, தூசிக்கும் ஈரத்துக்கும் அரைக் கிலோ தள்ளிட்டுத்தானே எடை சொல்லுவாரு? முணுமுணுன்னு வாய்க்குள்ள கணக்குப் போட்டாரே, அது இதுதான். நீங்க ஒத்தை மூட்டை, ஒன்றரை தள்ளிட்டாரு. நான் ரெண்டு மூட்டைப் பருமன். மூணு தள்ளிட்டாரு!"

செல்லக்கனி தராசைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சோலைச்சாமி சிரிக்கவில்லை. அவர் முகம் கறுத்தது.

சத்தம் கேட்டு டாக்டரம்மா வந்தார். விஷயத்தைக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதற்குள் முத்துமாரியின் சிரிப்பு அடங்கியிருந்தது.

"டாக்டரம்மா, எண்பதுன்னு நெனச்சுத்தான் வந்தேன். இல்லைன்னு ஆயிருச்சு. என்னைய ஆகாதுன்னு தள்ளிராதீக. இறங்குறதுக்கு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. மூணும் இறங்கிருவேன்."

"தள்ளுறதா?" என்றார் சொர்ணலட்சுமி. "உங்களை மாதிரி எத்தனை பேருக்கு எடை குறைச்சிட்டு வாங்கன்னு சொல்லியிருக்கேன் தெரியுமா? திரும்பி வந்து தராசில் நின்ன முதல் ஆள் நீங்கதான். பதிமூணு கிலோ! நான் இந்த வெயிட்டைக் குறைக்கிறேன்னு பத்து வருஷமாச் சொல்லிக்கிட்டிருக்கேன்." தன் இடுப்பைத் தட்டிக் காட்டிச் சிரித்தார். "எப்படிம்மா செஞ்சீங்க?"

"நான் என்னத்தைச் செஞ்சேன்? இவ பானையை வழிச்சா. நான் கஞ்சி குடிச்சேன்."

டாக்டரம்மாவின் பார்வை ராக்காயி மேல் போய்ச் சற்று நேரம் நின்றது. "உனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"எனக்கென்ன டாக்டரம்மா, சட்டிச் சோறு தின்னு கல்லு மாதிரி இருக்கேன்," என்று சொல்லிவிட்டு ராக்காயி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே பட்டாசு லோடு ஏற்றிய லாரி ஒன்று மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது.

முத்துமாரியின் வயிற்றைப் பரிசோதித்தபோது மட்டும் டாக்டரம்மாவின் சிரிப்பு மறைந்தது. "வீக்கம் பெரிசாகியிருக்கு. மயக்க மருந்து டாக்டர் மதுரையிலிருந்து அடுத்த மாசம் கடைசிச் செவ்வாய் வருவார். அந்த நாளை உங்களுக்காக நிறுத்தி வைக்கிறேன். எண்பதோட வாங்க. ஆனா அதுவரைக்கும் ஒரு குடம் தண்ணிகூடத் தூக்கக்கூடாது. தூக்கினீங்கன்னா, தேதிக்கு முன்னாலேயே வரவேண்டியிருக்கும்."

திரும்பி வருகிற பஸ்ஸில் சோலைச்சாமி பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார்.

"ரத்தினசாமி அண்ணாச்சிய நாலு பேர் முன்னால நிறுத்திக் கேக்கேனா இல்லையா பாரு. மனுசனுக்கும் மூட்டைக்கும் வித்தியாசம் தெரியாதா?"

"கேக்காதீக."

"ஏன்?"

"அவர் வேணும்னா செஞ்சாரு? இருபது முப்பது வருசமா நாக்குக்குப் பழகுன கணக்கு. அதுவா வந்திருக்கும். இப்படி ஆயிருச்சுன்னு தெரிஞ்சா அந்த மனுசன் சோறு திங்க மாட்டாரு. எனக்காக மூட்டையெல்லாம் தூக்கி அடுக்கி மறைப்பு வச்சாருங்க. என் சொந்த அண்ணன் செய்வானா?"

"அப்ப இனிமே எடைக்கு எங்க போறது?"

"அங்கனதான். அவர் சொல்றதோட நாமளே மூணு கூட்டிக்கிடுவோம்."

சோலைச்சாமி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். தப்பு தெரிந்தும் ஒருவரைக் கூச வைக்காமல் இருப்பதும் ஒரு தர்மம். அதைக் கோயிலில் போய்க் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்திருந்தவளிடம் அவர் கற்றுக்கொண்டார்.

பஸ் மாற விருதுநகரில் இறங்கினால், பஸ் நிலையத்திலேயே ரத்தினசாமி நின்றுகொண்டிருந்தார். கையில் வாழை இலைத் துண்டில் மடித்த குங்குமம். மாரியம்மன் கோயிலுக்குப் போய், முத்துமாரி பேருக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்திருக்கிறார்.

"தேதி குடுத்தாகளா தாயி?"

"குடுத்தாக அண்ணாச்சி. அடுத்த மாசம் கடைசிச் செவ்வா."

"தாயே மாரியாத்தா!" அவர் கையை உயர்த்திக் கும்பிட்டார். பிறகு சோலைச்சாமியைப் பார்த்துக் கொஞ்சம் பெருமையோடு கேட்டார். "நம்ம தராசு எப்படி? சரியா இருந்துச்சா?"

சோலைச்சாமியின் வாய் திறந்தது. முத்துமாரி அவரைப் பார்த்தாள்.

"தராசுல ஒரு குத்தமும் இல்ல அண்ணாச்சி," என்றார் சோலைச்சாமி.

அது பொய்யும் இல்லை.

மல்லாங்கிணறு பஸ்ஸுக்கு நேரமிருந்தது. கடையில் வந்து ஒரு வாய் மோராவது குடிக்க வேண்டும் என்று ரத்தினசாமி பிடிவாதமாக அழைத்துப் போனார். காலையிலிருந்து வறண்ட தொண்டையில் மோர் இறங்கியபோது முத்துமாரிக்கு உயிர் வந்தது.

"இப்ப இந்தத் தங்கச்சி முறை," என்று ரத்தினசாமி ராக்காயி பக்கம் திரும்பினார். "எப்பவும் முதல் ஆளாக் குதிச்சு ஏறும். தைப் பொங்கலுக்கு அப்புறம் ஏறவே மாட்டேங்குது. ஏறு தாயி. அக்கா இறங்குன எடையெல்லாம் உன்கிட்டயா வந்திருக்குன்னு பாத்திருவோம்."

எல்லோரும் சிரித்தார்கள். ராக்காயியும் சிரித்தாள். ஆனால் ஓரடி பின்வாங்கினாள். சேலைத் தலைப்பை இழுத்து முன்னால் போட்டுக்கொண்டு, அதற்கு மேல் உள்ளங்கையை வைத்து மூடினாள். விளக்கு அணையாமல் இருக்கக் கைவைத்து மறைப்பார்களே, அப்படி.

முத்துமாரி அந்தக் கையைப் பார்த்தாள். மோர்ச் சொம்பு அவள் கையில் அப்படியே நின்றது.

பொங்கலுக்கு அப்புறம்.

ஊருக்குத் திரும்பும் வழியில் பஸ் பள்ளத்தில் விழுந்து எழும்போதெல்லாம் ராக்காயியின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் ராக்காயி சேலையைச் செருகிக்கொண்டு நேராக அடுப்படிக்குப் போனாள். மறுநாள் மிளகாய்ப் பழம் பறிக்க ஆட்கள் வருகிறார்கள். அத்தனை பேருக்கும் கூழ் காய்ச்ச, தண்ணீர் நிறைத்த அண்டாவைப் பொழுதோடு அடுப்பில் ஏற்றி வைத்துவிட வேண்டும். குனிந்து அண்டாவின் ஒரு காதைப் பிடித்தாள்.

மறுகாதை முத்துமாரி பிடித்துக்கொண்டாள்.

"கையை எடுங்கக்கா! டாக்டரம்மா என்ன சொன்னாக?"

"நீ எடு முதல்ல."

"நான் ஆறு மாசமாத் தூக்குறேன். புதுசாவா?"

"எத்தனை மாசம்?" என்று கேட்டாள் முத்துமாரி.

"அதான் சொன்னனே, ஆறு மாசமா..."

"அண்டாவக் கேக்கல."

ராக்காயி விறகை ஒதுக்குகிறவள் போல அப்படியே அடுப்படித் தரையில் உட்கார்ந்தாள்.

"நாலு," என்றாள் கடைசியில்.

"பெத்தணனுக்குத் தெரியுமா?"

தலையை ஆட்டினாள், தெரியாது என்று.

"ஏன்டி சொல்லல?"

"சொன்னா என்னையத் தூக்க விடுவீகளா? நீங்க தூக்குவீக. குடல் சிக்கிக்கிடும். ஒங்க ஆபரேசன் முடியட்டும், அப்புறம் சொல்லிக்கிடலாம்னு இருந்தேன்."

"ரெண்டு தடவை போச்சே, பாவி மகளே. மறந்துட்டியா?"

"மறப்பேனாக்கா?" ராக்காயி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "ஒவ்வொரு தடவையும் இருக்கன்குடி மாரியாத்தாவைக் கூப்பிட்டுட்டுத்தான் தூக்குனேன். அவ பிடிச்சுக்கிடுவான்னு நெனச்சேன்."

முத்துமாரி பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள். இறங்கின பதிமூன்று கிலோவும் யார் இடுப்பில் ஏறி இறங்கியது என்று அவளுக்கு இப்போதுதான் புரிந்தது. நகை கழற்றிய வெறுங்கையால் அந்தத் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

"அக்கா," என்றாள் ராக்காயி மெதுவாக. "காலையிலருந்து அடிவயிறு லேசா இழுக்குது."

வாசற்படியில் நிழல் விழுந்தது. சோலைச்சாமி நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு கேட்டார் என்று தெரியவில்லை. இந்த வீட்டு அடுப்படிக்குள் அவர் கால் வைத்ததே கிடையாது. தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். உள்ளே வந்து, இரண்டு காதையும் தானே பிடித்து, மூச்சைப் பிடித்து அண்டாவைத் தூக்கி அடுப்பில் வைத்தார். தண்ணீர் தளும்பி அவர் வேட்டி நனைந்தது.

"இம்புட்டுக் கனமா?" என்றார்.

"வில்வண்டியப் பூட்டச் சொல்லுங்க," என்றாள் முத்துமாரி. "பஸ்ஸு வேண்டாம், தூக்கிப் போடும். வைக்கோலைக் கனமாப் பரப்பச் சொல்லுங்க, இவளப் படுக்க வச்சே கொண்டுபோகலாம். இப்பவே சிவகாசிக்குக் கிளம்புறோம். அப்படியே கம்பெனியில பெத்தணனுக்கும் ஆள் சொல்லி விட்ருவோம்."

"இப்பத்தானே வந்தோம்?"

"வந்தது எனக்கு. இந்தத் தடவை எடைக்கு நிக்கப் போறது நான் இல்ல."

சோலைச்சாமி ராக்காயியைப் பார்த்தார். அண்டாவைப் பார்த்தார். "அப்ப விடிஞ்சா பறிக்க வாற ஆளுகளுக்குக் கூழு?"

"அண்டாவத் தூக்கத் தெரிஞ்ச கைக்குத் துடுப்புப் பிடிக்கத் தெரியாதா? கட்டி தட்டாமக் கிண்டுங்க."

மடியில் கிடந்த ராக்காயிக்கு அழுகையின் நடுவே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த மறுகணம் அவள் முகம் சுருங்கியது. கை அடிவயிற்றுக்குப் போனது.

முத்துமாரி அந்தக் கைமேல் தன் கையை வைத்துக்கொண்டாள். வெளியே மாடுகளின் கழுத்து மணி கேட்டது.